பெயர் பெற்ற கல்லறை

பிரான்சு தேசத்தின் வடபாகத்திலே, லென்ஸ் என்னும் நிலக்கரி நகரத்துக்கு அண்மையில், தட்டையான வயல்வெளியின் நடுவே போர்மயானம் ஒன்று இருக்கிறது. முதலாம் மகா யுத்தத்தின்போது காயமுற்ற வீரருக்கு முதற் சிகிச்சை செய்யும் நிலையம் ஒன்று அவ்விடத்தில் அமைந்திருந்தது. சென்ற் மேரி என்பது அந்நிலையத்தின் பெயர். மயானத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அங்கு 7ஆம் பிரிவில், டி வரிசையில், இரண்டாவதாக உள்ள கல்லறை எழுபது ஆண்டுகள் பெயரில்லாமலே இருந்தது. ஐரிஷ் கார்ட்ஸ் என்னும் காவற்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஒருவர் இங்கே அடக்கமானார் என்பதற்கு மேல் அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை. 1992ஆம் ஆண்டில் அதை எடுத்துவிட்டு வேறொரு கல்லை நாட்டினார்கள். புதிய கல்லில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஜோன் கிப்ளிங் என்பது அந்தப் பெயர்.

அப்பெயர் அந்தக் கல்லுக்கு எவ்வாறு வந்தது, வந்த பின்னர் அது சரிதானா என்று எழுந்த வழக்கு என்ன என்பவையே இங்கு சொல்லப்படுகின்றன. இறந்தவன் ஒருவனின் பெயரைக் கண்டுபிடிப்பது எத்துணைச் சிறிய பொருள்களில் தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஜோனின் தந்தையாகிய ருட்யார்ட் கிப்ளிங்கை நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஓநாய்களின் நடுவே வளர்ந்த மௌக்ளியின் கதையைச் சிறுபிராயத்திலே கேளாதவர் குறைவு. 1865இல் பம்பாயில் பிறந்தவர். 1907இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். ஆங்கிலத்தில் எழுதுவோருள் அப்பரிசை முதலிற் பெற்றவரும் அவரே. வெள்ளையர் ஆட்சி கீழைத் தேசத்தாருக்குச் செய்யப்படும் ஒரு தொண்டு என்று உறுதியாக நம்பியவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நம்பிக்கை காரணமாக நம்மவருள் அவரை மனமொப்பி வாசிக்க முடியாதவர் பலர். ஆனால் மகனைத் தேடிய தகப்பனின் துயரம் அந்தக் கணக்கிலே சேராது.

கிப்ளிங்குக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவள் ஜோசபின் 1899இல், ஆறு வயதிலே, நியுமோனியாக் காய்ச்சலினால் இறந்தாள். இரண்டாமவள் எல்சி. கடைக்குட்டி ஜோன், 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17ஆம் திகதி பிறந்தவன். அவனுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. தடித்த மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவரை அடையாளங் காண்பதே கடினம். 1914இல் யுத்தம் மூண்டபோது படையிற் சேரச் சென்ற அவனைக் கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள்.

அந்த மட்டில் விட்டிருக்கலாம். தகப்பன் விடவில்லை. யுத்தத்துக்குப் போகாத இளைஞரை எழுத்திலும் மேடையிலும் இடித்துரைத்துக்கொண்டிருந்தவர் தம் மகன் வீட்டிலிருப்பதை எப்படிப் பொறுப்பார்? ஐரிஷ் கார்ட்ஸ் படைக்குத் தலைமைக் கேணலாக இருந்த ரொபர்ட்ஸ் பிரபு அவருடைய பழைய நண்பர். ஒரு வார்த்தை சொன்னார், இடம் கிடைத்தது. பதினேழு வயதுப் பையன் அதிகாரியானான். பதினெட்டு வயது நிரம்பாதவரைக் கடல் கடந்து அனுப்புவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. கிப்ளிங் அந்தச் சம்மதத்தையும் கொடுத்தார். 1915 ஓகஸ்டில் ஜோன் பிரான்சுக்குக் கப்பலேறினான்.

அடுத்த மாதம் 25ஆம் திகதி லூஸ் என்னும் ஊரைச் சுற்றிப் பெரும் போர் தொடங்கியது. பிரித்தானியப் படை முதன்முதலாக நச்சுவாயுவைப் பயன்படுத்திய போர் அதுவே. காற்றுத் திசை மாறிச் சில இடங்களில் அந்த வாயு திரும்பித் தம்மவர் மீதே படிந்தது. முதல் நாள் கிடைத்த சிறு வெற்றியும் மறுநாள் கைவிட்டுப் போயிற்று. மூன்றாம் நாள், செப்டெம்பர் 27ஆம் திகதி பிற்பகல், ஐரிஷ் கார்ட்ஸ் படையின் இரண்டாவது பட்டாளம் போரில் இறக்கப்பட்டது. பட்டாளத்திலே பெரும்பாலானோருக்கு அதுவே முதற் போர். சுண்ணக்கற் குழி ஒன்றையும் அதனையடுத்த சிறு தோப்பையும் அவர்கள் பிடித்தார்கள். அப்பால் ஒரு சுரங்கவாய்க் கட்டடம் இருந்தது. சிலர் அதையும் நோக்கி ஓடினார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் எதிரிலிருந்து வாரியடித்தன. ஓடியவர்களுள் ஜோனும் ஒருவன். பதினெட்டு வயது நிரம்பி அவனுக்கு ஆறு வாரந்தான் ஆகியிருந்தது. அன்று மாலை பட்டாளத்தின் கணக்கில் அவன் வரவில்லை.

ஒக்டோபர் மாதத் தொடக்கத்திலே சசெக்ஸ் மாகாணத்திலுள்ள கிப்ளிங்கின் வீட்டுக்குத் தந்தி வந்தது. காயமுற்றுக் காணாமற் போனார் என்பது செய்தி. இறந்தார் என்றால் அழுது தீர்க்கலாம். காணாமற் போனார் என்ற சொல்லோ நம்பிக்கையின் வாசலைச் சாத்தவும் விடாது, திறக்கவும் விடாது. கிப்ளிங்கும் மனைவி கரியும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று, ஐரிஷ் கார்ட்ஸ் படையிலே காயமுற்றுத் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். யார் எங்கே நின்றார், எப்போது கண்டார் என்று குறிப்பெடுத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலமாகவும் நடுநிலை நாடுகளின் மூலமாகவும் ஜேர்மனியரிடம் கைதியாக இருக்கிறானோ என்று கேட்டார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துவரவில்லை.

கிப்ளிங்கின் நண்பருள் ஒருவர் ரைடர் ஹகார்ட் என்னும் நாவலாசிரியர். அவரும் தம் பங்குக்கு விசாரித்தார். 1915 டிசெம்பரில் ஒரு சிப்பாய் அவருக்கு அகப்பட்டார். தோப்பிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த அதிகாரி ஒருவரைத் தாம் கண்டதாகவும், அவர் கிப்ளிங் என்று சத்தியஞ் செய்யத் தயார் என்றும், குண்டுச் சில்லுப் பட்டு அவருடைய வாய் சிதைந்திருந்தது என்றும், வலி பொறுக்காமல் அவர் அழுதுகொண்டிருந்தார் என்றும் அந்தச் சிப்பாய் சொன்னார். உதவிக்குப் போக நினைத்தும், அழுவதைக் கண்டுவிட்டானே என்று அதிகாரி வெட்கப்படுவாரே என்று போகாமல் விட்டாராம். ஹகார்ட் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தகப்பனுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நட்பின் தருமம் என்றே கொள்ளலாம். ஆயினும், மகன் எவ்வாறு முடிந்தான் என்பதற்குக் கிடைத்த மிக நெருங்கிய சாட்சி, அதைத் தேடியவரைத் தவிர வேறொருவரின் பெட்டிக்குள்ளே கிடந்தது.

இனி இந்தக் கதையிலே விதியின் கூத்து ஒன்று வருகிறது. போரில் இறந்தோரின் கல்லறைகளை அமைத்துப் பேணுவதற்காக 1917 மே மாதத்தில் ஏகாதிபத்தியப் போர்க்கல்லறை ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது. பின்னாளில், 1960இல், பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு என்று பெயர் மாறியது அதுவே. கண்டியிலும் திருகோணமலையிலும் உள்ள போர்மயானங்களைப் பேணுவதும் இந்த ஆணைக்குழுதான். அங்கே சென்றவர்கள் அந்த ஒழுங்கையும் அமைதியையும் அறிவார்கள். அதே ஆண்டிலே கிப்ளிங் இந்த ஆணைக்குழுவின் அங்கத்தவரானார். கல்லில் என்ன எழுதுவது என்பதைத் தீர்மானிப்பதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. பெயர் தெரியாத வீரனுடைய கல்லில் வேறொன்றும் எழுத வழியில்லை; இறைவன் அவனை அறிவான் என்ற பொருள்பட மூன்று ஆங்கிலச் சொற்களை எழுதலாம் என்று சொன்னவர் அவரே. நம் முன்னோரின் நடுகல் மரபிலே பெயர் அறியாத வீரனுக்கு என்ன செய்வது என்ற கேள்வி பெரிதாக எழுந்ததில்லை. தம் ஊரான் வீழ்ந்த இடத்திலே ஊரார் கல் நாட்டினார்கள். பீரங்கி யுகத்தின் போரோ இலட்சக் கணக்கானோரை அடையாளமில்லாமல் ஆக்கிவிட்டது. முதலாம் மகா யுத்தத்தில் இறந்து, இந்த ஆணைக்குழுவின் பொறுப்பிலே பெயர் அறியப்படாமல் அடக்கமாகியிருப்போர் மாத்திரம் 1,80,000க்கும் மேற்பட்டவர்கள். அத்தனை கல்லறைகளுக்கும் சொல் எடுத்துக் கொடுத்தவர் தம் மகனின் கல்லுக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது தெரியாது.

பெயர்கள் தொலைந்தது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யுத்தத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு பிரித்தானியச் சிப்பாயின் கழுத்திலும் அடையாள வட்டு ஒன்றுதான் இருந்தது. அவன் இறந்தால், செய்தி தலைமையகத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த வட்டைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். செய்தி போய்விடும், உடல் பெயரில்லாமற் கிடக்கும். பின்னால் ஒரு குண்டு விழுந்து, நாட்டிய மரச்சிலுவையையும் அடித்துச் சென்றால், தோண்டி எடுப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்தப் பிழையை உணர்ந்து, எடுப்பதற்கு ஒன்றும் உடலோடு விடுவதற்கு ஒன்றுமாக இரண்டு வட்டுகள் கொடுக்கத் தொடங்கியது 1916ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான். லூஸ் போர் நடந்து ஓராண்டு கழிந்துவிட்டது.

யுத்தம் முடிந்ததும், சிதறிக் கிடந்த உடல்களைத் தேடிச் சேர்க்கும் வேலைக்கெனத் தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நிலத்தை 500 கஜச் சதுரங்களாகப் பிரித்து, கயிறும் மண்வெட்டியுமாக நடந்து தேடினார்கள். எங்கே உடல் கிடக்கும் என்பதற்கு அவர்களிடம் அனுபவக் குறிகள் சில இருந்தன. துப்பாக்கியொன்று தலைகீழாகக் குத்தி நின்றால் அங்கே தோண்டுவார்கள். புல் மற்ற இடத்தைவிடக் கடும்பச்சையாகவோ நீலம்பாரித்தோ இருந்தால் தோண்டுவார்கள். எலி வளையின் வாயில் எலும்புத் துண்டோ துணியோ கிடந்தாலும் தோண்டுவார்கள். உடல் கிடைத்ததும் பொத்தான், தொப்பிச் சின்னம், சப்பாத்து, கரண்டியிலே கீறிய இலக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்டெடுத்த இடத்தைப் படத்திலே குறித்து, படிவம் நிரப்பி, அண்மையிலுள்ள மயானத்தில் அடக்கஞ் செய்வார்கள். நாளொன்றுக்குப் பல உடல்களைக் கையாண்ட அந்த மனிதர் எழுதிய படிவங்களில் பிழையே இராது என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. நூறாண்டு கழித்து நாற்காலியிலிருந்து அந்தப் படிவங்களைப் படிப்பவர் இதை மறத்தலாகாது.

1919இல் அவ்வாறு எடுக்கப்பட்ட உடல்களுள் ஒன்று ஐரிஷ் கார்ட்ஸ் படையின் லெப்டினன்ட் ஒருவருடையது. உடுப்பைக் கொண்டு படையையும், தோளணியைக் கொண்டு தரத்தையும் அறிந்திருப்பார்கள். பெயரைக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. கண்டெடுத்த இடம் என்று படிவத்திலே எழுதப்பட்டது ஜி, 25, சி, 6, 8. சென்ற் மேரி மயானத்தில் அடக்கஞ் செய்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டிலே, 1920இல், கிப்ளிங் தம்பதியர் லூஸ் போர்க்களத்துக்குச் சென்று மகன் காணாமற் போன தோப்பைக் கண்டு நின்றார்கள். மயானம் அங்கிருந்து ஓரிரு மைல் தூரத்திலேதான்.

அதன்பின் கிப்ளிங் செய்தவை பல. மகனுடைய படையின் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஏற்று, பல ஆண்டு உழைத்து, 1923இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அப்பெரு நூலிலே மகனைப் பற்றிய குறிப்பு மற்ற அதிகாரிகளோடு சேர்ந்து போகிற போக்கில் வருவதன்றி, தந்தையின் குரல் கேட்கும்படி ஒரு பக்கமும் இல்லை. தம் மகனுக்கு மற்றவர் மகனைவிட ஓர் அங்குல இடமும் கூடக் கொடுக்காத அந்தக் கட்டுப்பாட்டை வியவாமலிருக்க முடியாது. போர்மயானத்திலே ஒரு கல்லறையைத் தேடிச் செல்லும் பெண்ணைப் பற்றி, ‘தோட்டக்காரன்’ என்ற சிறுகதையை 1925இல் எழுதினார். அவர் எழுதியவற்றுள் நிலைத்து நிற்பவற்றுள் அதுவும் ஒன்று. 1936 ஜனவரியில் அவர் இறந்தபோது அவருடைய அஸ்தி வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் கவிஞருக்கென உள்ள மூலையிலே வைக்கப்பட்டது. மகனின் பெயர், கல்லறை அறியப்படாத 20,000க்கு மேற்பட்ட வீரரின் பெயர்களோடு, லூஸ் நினைவுச் சுவரிலே இருந்தது.

1992இல் ஆணைக்குழுவின் பதிவேடுகளைப் பொறுப்பாகக் கவனித்த அதிகாரி ஒருவர் பழைய அடக்கப் படிவங்களைப் புரட்டும்போது இந்த லெப்டினன்டைக் கண்டார். அவருடைய மனத்தை உறுத்தியது இடக்குறிப்பு. ஜி 25 என்று குறித்த அந்த நிலத்தில் ஐரிஷ் கார்ட்ஸ் படை போரிட்டதே இல்லை. அப்படியானால் அந்தப் படையின் அதிகாரி ஒருவர் அங்கே எப்படி வந்து கிடந்தார்?

இங்கே அக்காலப் போர்ப்படத்தின் அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். ஒரு படத்தாள் ஆங்கில எழுத்துகளாற் பெயரிட்ட பெரிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பெரிய கட்டமும் 6,000 கஜ அகலம். அதற்குள்ளே 1,000 கஜச் சதுரங்கள், அவற்றுக்கு எண்கள். ஒவ்வொரு சதுரமும் ஏ, பி, சி, டி என நான்கு 500 கஜக் கால்சதுரங்கள். கடைசியாக வரும் இரண்டு எண்கள் கால்சதுரத்துக்குள்ளே கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்பதைப் பத்திலொரு பங்காகக் காட்டுவன. ஆகவே, குறிப்பின் கடைசி எண்ணிலே பிழை விட்டால் 50 கஜந்தான் தவறும். முதலெழுத்திலே பிழை விட்டாலோ ஒரேயடியாக 6,000 கஜம், அதாவது மூன்று மைலுக்கு மேல், தவறிவிடும். ஜி என்னும் கட்டத்துக்கு நேர் கிழக்கே அடுத்த கட்டம் எச். ஜி 25 சி என்பதை எச் 25 சி என்று மாற்றிப் படத்திலே கைவைத்தால், விரல் போய் நிற்கும் இடம் சுண்ணக்கற் குழித் தோப்பின் அருகே. 1915 செப்டெம்பர் 27ஆம் திகதி இரண்டாம் பட்டாளம் சிதைந்த அதே இடம்.

மிகுதி வேலை கழித்தற் கணக்கு. லூஸ் போரில் இறந்து கல்லறை அறியப்படாத ஐரிஷ் கார்ட்ஸ் அதிகாரிகளை எடுத்து, அவர்களுள் லெப்டினன்ட் தரத்தில் இருந்தவர் யார் என்று பார்த்தால் எஞ்சுகிற பெயர் ஒன்றே. கல் மாற்றப்பட்டது. பத்திரிகைகள் கொண்டாடின.

கொண்டாட்டம் ஆறு ஆண்டு நீடித்தது. 1998இல் போர்க்கள வரலாறு எழுதுவதில் அனுபவமுள்ள ஹோல்ட் தம்பதியர் ஜோனின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அந்தக் கல்லிலுள்ள பெயர் தவறு என்பது அவர்களுடைய வாதம். அது வீண்வாதமன்று. போர் நடந்த நாளில் ஜோன் இரண்டாம் லெப்டினன்ட் மாத்திரமே. முழு லெப்டினன்டாக அவன் உயர்த்தப்பட்ட செய்தி அரசாங்க வர்த்தமானியில் வந்தது 1915 நவம்பரிலே, அவன் காணாமற் போய் ஆறு வாரத்துக்குப் பின்னர். இரண்டாம் லெப்டினன்டுக்குத் தோளிலே ஒரு நட்சத்திரம், லெப்டினன்டுக்கு இரண்டு. இறந்தபின் வந்த பதவியின் நட்சத்திரத்தை இறக்குமுன் அணிந்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். அன்றியும், படிவத்தில் எழுதிய இடம் சரியென்று கொண்டால், அந்தப் பக்கத்தோடு தொடர்புடைய வேறொரு படை உண்டு. லண்டன் ஐரிஷ் துப்பாக்கிப் படை. அதன் சின்னம் முடி தரித்த யாழ். ஐரிஷ் கார்ட்ஸ் படையின் பொத்தானிலும் முடி தரித்த யாழே இருக்கிறது. மண்ணிலே நாலாண்டு கிடந்து களிம்பேறிய உலோகத்தில் யாழைக் கண்டவர் எந்தப் படை என்று மயங்கியிருக்கக் கூடும் அல்லவா?

அப்படியானால் வழக்கு மிகவும் கனத்துவிடுகிறது. கிப்ளிங்கின் மகனுக்குத் தவறாக ஒரு கல் வைத்தது மட்டுமன்று, வேறொரு தாயின் மகனுடைய கல்லறையைப் பறித்துக் கொடுத்ததும் ஆகிவிடும். பெயரில்லாத கல்லிலே அவனும் இருக்கலாம், இவனும் இருக்கலாம். எந்தக் குடும்பமும் அதன்முன் நின்று பூ வைக்கலாம். தவறான பெயரைப் பொறித்துவிட்டால் உரியவனின் உறவினர் அதைக் கடந்து போய்விடுவார்கள். பெயரின்மையைவிடப் பிழையான பெயர் பெரிய அநீதி என்பதனாலேதான் ஆணைக்குழு இவ்வகை விண்ணப்பங்களிலே மிகவும் தயங்குகிறது.

வழக்கு மேலும் பல ஆண்டு நடந்தது. 2016இல் வேறு இரு ஆராய்ச்சியாளர் அடக்கப் படிவங்களையும், பட்டாளங்களின் நாட்குறிப்பையும், பதவியுயர்வு அறிவிப்புகளையும் முதலிலிருந்து மீண்டும் பரிசோதித்து, கல்லிலுள்ள பெயர் சரியானதே என்ற முடிவை வெளியிட்டார்கள். நட்சத்திரத்தைப் பற்றிய தடைக்கு விடை வர்த்தமானியிலேயே இருந்தது. நவம்பரில் அச்சான அந்தப் பதவியுயர்வு ஜூன் மாதம் முதலே செல்லுபடியாகும்படி முன்திகதியிடப்பட்டிருந்தது. அரசாங்கத்தின் அச்சுக்கூடம் தாமதித்தது என்பதற்காகப் பட்டாளமும் அறியாதிருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. இடக்குறிப்பைப் பற்றிச் சொல்வதானால், படையையும் தரத்தையும் ஒருங்கே பிழையாகக் கண்டார்கள் என்று கொள்வதைவிட, களைத்த கை ஓர் எழுத்தை மாற்றி எழுதிற்று என்று கொள்வதே எளிது. நிறுத்துப் பார்த்தால் தராசு ஜோன் பக்கமே சாய்கிறது. ஆனால் இது சாட்சிகளை அடுக்கி அடைந்த தீர்ப்பு. கண்ணாற் கண்ட உண்மையன்று.

இக்காலத்து விஞ்ஞானம் இதை ஒரு நாளிலே தீர்த்துவிடாதா என்று நேயர்கள் கேட்கலாம். எலும்பிலிருந்து மரபணுவை எடுத்து உறவினரின் மரபணுவோடு ஒப்பிடும் முறை போர்க்கல்லறைகளிலும் கையாளப்பட்டிருக்கிறது. லூஸுக்கு வடக்கே புரோமெல் என்னுமிடத்தில், 1916இல் ஜேர்மனியர் குழிகளிலே புதைத்த 250 உடல்கள் 2009இல் எடுக்கப்பட்டன. அவர்களுள் 150க்கு மேற்பட்ட அவுஸ்திரேலிய வீரருக்கு அந்த முறையினால் பெயர் கிடைத்தது. ஆனால் அவை புதிதாகக் கண்டெடுத்த உடல்கள். ஒருமுறை மயானத்தில் முறைப்படி அடக்கஞ் செய்தவரை, அடையாளங் காண்பதற்காக மீண்டும் தோண்டுவதில்லை என்பது ஆணைக்குழுவின் கொள்கை. எனவே சென்ற் மேரி மயானத்து லெப்டினன்டின் பெயரைக் காகிதந்தான் காட்ட வேண்டும்.

காகிதத்தைப் பற்றிய இன்னொரு கசப்பான செய்தியையும் இங்கே விடமுடியாது. பதவி, குலம், மதம் பாராமல் எல்லாருக்கும் ஒரே அளவான கல் என்பது ஆணைக்குழுவின் அடிப்படை விதி. கிப்ளிங்கும் அதற்காக வாதாடியவர். 1927இல் இந்திய வீரருக்கென நெவ் சப்பெல் என்னும் ஊரிலே நினைவு மண்டபம் திறக்கப்பட்டபோது அவரும் சென்றிருந்தார். 4,700க்கு மேற்பட்ட பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவிலே காத்த விதியை மற்றக் கண்டங்களில் காக்கவில்லை என்பதை 2021இல் ஆணைக்குழு தானே அமைத்த விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. முதலாம் மகா யுத்தத்தில் இறந்த ஆபிரிக்கரும் ஆசியரும் ஆகியோருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை. அந்தத் தொகை 3,50,000 வரையும் இருக்கக் கூடும் என்று அறிக்கை கூறிற்று. ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. அவர்களுள் பலருக்குத் திருத்துவதற்கு ஒரு பிழையான எழுத்துக்கூட இல்லை. யாரும் படிவம் நிரப்பவில்லை. ஜோன் கிப்ளிங்கை ஓர் அதிகாரி என்பதோ எழுத்தாளரின் மகன் என்பதோ தனியே காப்பாற்றவில்லை. அவன் காணாமற் போன நேரத்தையும் இடத்தையும் எழுதிவைத்த பட்டாளம் ஒன்று இருந்தது, அவனுடைய பதவியை அச்சிட்ட வர்த்தமானி ஒன்று இருந்தது, உடல் கிடைத்த நிலத்துக்கு இலக்கமிட்ட படம் ஒன்று இருந்தது. இவ்வளவும் இருந்தே ஒரு பெயரைக் காண எழுபது ஆண்டு சென்றதென்றால், இவை ஒன்றுமில்லாதவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

சென்ற் மேரி மயானத்திலே ஜோனின் கல்லுக்கு அக்கம்பக்கத்திலுள்ள கற்களிலும் பெரும்பாலானவை இன்னும் பெயரில்லாதவையே. அவற்றின் கோப்புகளையும் ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கின்றனர். சான்று போதுமானதாயின் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு ஏற்றுக்கொள்ளும். புதிய கல் நாட்டி, உறவினர் இருந்தால் அவர்களை அழைத்து, சிறு வழிபாடு நடத்துவார்கள். ஜோனுக்கு 1992இல் அவ்வாறு அழைப்பதற்கு உடன்பிறந்தவர் எவரும் உயிரோடு இருக்கவில்லை. தமக்கை எல்சி 1976ஆம் ஆண்டிலேயே, பிள்ளைகள் இல்லாமல், காலமாகிவிட்டார்.